நொண்டி அரிசி

என் வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது. தெரியாதுதான் என்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கும்போதெல்லாம் நான் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அவருக்கு ஒன்றும் இருக்காது. வாசல்படியில் சாவகாசமாக உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டிருப்பார்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. பெடாசிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு போனபிறகு பால்வெட்டு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பாதி ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். சாய்க்காமல் விட்ட மரங்களில் பால் பிடிக்கும் மங்குகள் கம்பியோடு அப்படியே தொங்கின. துரை இருந்தபோது ஒரு மங்கு உடைந்தால் வேலை மேய்க்கிற மண்டோர் ஊரைக் கூட்டிவிடுவார். இப்போது அந்தக் கிண்ணங்களில் மழைத்தண்ணீர் நின்று கொசு முட்டையிட்டது. கேட்க நாதியில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோட்டத்தில் அரிசி கொடுத்தார்கள். வேலைக்கு ஆகாதவர்கள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எழுதிக் கொடுத்தவர்களுக்கும் கொஞ்சம் உண்டு. கல்லும் புழுவும் கலந்து சுண்ணாம்பு வாடை அடிக்கிற அரிசி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்கு நொண்டி அரிசி என்று பெயர் வைத்திருந்தார்கள். கண் தெரியாதவர் வாங்கினாலும் அது நொண்டி அரிசிதான். எங்கள் சனங்களுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் எந்தப் பஞ்சத்திலும் குறை வந்ததில்லை.

அந்த அரிசி ஒருமுறை எழுதிவிட்டால் முடிந்தது என்றில்லை. சில மாதத்துக்கு ஒருதரம் பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் மைதானத்தில், ஆகாதவர்களை எல்லாம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இன்னும் ஆகாதவன்தானா, தேறிவிட்டானா என்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் தேறிவிட்டால் அரிசி போகும், அவ்வளவுதான். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தபிறகு கதை மாறிவிட்டது. தேறினவன் அன்றைக்கே லாரி ஏற வேண்டும். லாரி ஏறிப்போன ஆண்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியிருக்கவில்லை.

சண்டை வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. குளிர்க்காய்ச்சல் தோட்டத்தில் யாருக்கு வரவில்லை? ஆனால் இவரை அது புரட்டிப் போட்டுவிட்டது. டிரசர் கொயினா மருந்தைக் கரைத்துக் கரைத்து ஊற்றினார். காய்ச்சல் இறங்கிய காலையில், "ஏன் இன்னும் விடியல?" என்று என்னிடம் கேட்டார். வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் செய்த வேலையா, கொயினா செய்த வேலையா என்று டிரசருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. பூ விழவில்லை, வெளுக்கவில்லை. பெரிய, கறுத்த, அழகான கண்கள். பேசுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்பி நேருக்கு நேர் பார்ப்பார். பார்ப்பது போல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பீடிக்கு நெருப்புக் கேட்டுக் கையை நீட்டுவார்கள், இவர் எடுத்துக் கொடுப்பார் என்று.

"கண்ணு பாக்க நல்லா இருக்கு பாரும்மா, அதுதான் உனக்குக் கஷ்டம்" என்றார் டிரசர். "எனக்குத் தெரியும். வர்றவனுக்கு என்னா தெரியும்?"

லயத்தில் இருந்தவர்களுக்கும் அந்தக் கண்கள் உறுத்த ஆரம்பித்தன. எங்கள் வரிசையில் வீடு வீடாக ஆண்கள் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனையும் அவள் கொழுந்தனையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். அவளும் நானும் ஒரே அடுப்பு நெருப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள். அவள் மூட்டினால் நான் போய்க் கொள்ளி எடுத்து வருவேன், நான் மூட்டினால் அவள் வருவாள். லாரி போனபிறகு அவள் வரவில்லை. நான் கொள்ளி எடுக்கப் போன அன்று, குனிந்த தலை நிமிராமல், "உனக்கென்ன, வீட்ல ஆம்பள இருக்கு. ஊதச் சொல்லு" என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு அடங்கும், வாளி நிரம்பி நான் திரும்பியதும் மறுபடி தொடங்கும். மரவள்ளிக் கொல்லையில் எனக்கு இரண்டு பக்கமும் ஒரு பாத்தி காலியாகவே இருக்கும். என் புருஷனை நான் ஒளித்தா வைத்திருந்தேன்? ஆனால் அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவர்கள் வீட்டில் சட்டை மட்டும் கொடியில் தொங்கியது. என் வீட்டில் சட்டைக்குள் ஆள் இருந்தார்.

அந்த ஆளும் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் தனியாக இருட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு நான் வந்து சொல்ல என்ன இருக்கிறது? இன்றைக்கு எந்தப் பக்கம் மண் வெட்டினோம் என்று சொல்வேன். உம் கொட்டுவார். பிள்ளை குட்டி கிடையாது. சில சாயங்காலங்களில் அந்த அறையில் இரண்டு பேர் இருந்தும் அடுப்புச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். அப்போது அழ வேண்டும் போல இருக்கும். அழுதால் அவருக்குக் கேட்டுவிடும் என்று அதையும் செய்ய மாட்டேன்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவர் பழைய ஆள். பிரட்டுக் களத்தின் ஓரத்திலிருந்து லயம் வரைக்கும் ஓடுகிற மர வரிசை அவருடைய நிரை. மீசை முளைக்கும் முன்பிருந்து அந்த நிரையில்தான் பால் வெட்டினார். விடிவதற்கு முன் வெளிச்சமே இல்லாமல் நடந்து பழகிய கால்கள். சாயங்காலம் அவரை அந்த நிரையின் முதல் மரத்தில் கொண்டுபோய் விட்டால், கம்பை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நடப்பார். வேர் எங்கே புடைத்திருக்கிறது, மண் எங்கே சரிகிறது என்று கால் பார்த்துக்கொள்ளும். கை ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போகும். தண்ணீர் நிற்கிற மங்கைக் கையில் எடுப்பார், கொட்டுவார், விரலால் உள்ளே ஒரு சுற்றுத் துடைப்பார், மறுபடி நிமிர்த்தி மாட்டுவார். பால்வெட்டுக்காரனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மழைத்தண்ணீர் நிற்கிற மங்கைக் கடந்து போக அவன் கைக்குத் தெரியாது. நான் கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். அந்த நேரத்தில் நான் அவருக்குத் தேவையே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த மரங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்தத் தடவை மண்டோர் தகரத்தைத் தட்டிக்கொண்டு வந்து சொன்னார். ஆகாதவர்களைப் பார்க்க இந்த முறை டிரசர் இல்லை, சிரம்பானிலிருந்து ஜப்பான் அதிகாரியே வருகிறான். கூடவே லாரியும் வருகிறது. போன தடவை போதாத ஆட்களை இந்தத் தடவை நிரப்பப் போகிறார்கள் என்று குழாயடியில் பேசினார்கள். நான் நிற்கும்போதே பேசினார்கள், எனக்குக் கேட்கட்டும் என்று.

அன்று சாயங்காலமே அவரைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். கண் தெரியாத மனுஷனுக்குக் கண் தெரியாதவன் மாதிரி இருக்கச் சொல்லிக் கொடுத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"தலை சீவாதீங்க. மீசைய அப்படியே விடுங்க. அந்தச் சட்ட வேணாம், சாக்குத்துணி போதும்."

"குருடன்னா தலை சீவக்கூடாதா? எந்தச் சட்டத்துல இருக்கு?"

"வர்றவன் சட்டத்துல இருக்கு."

"நா என்னா பொய்யா சொல்றேன்? தெரியலன்னா தெரியல. அதுக்கு எதுக்கு வேஷம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயம் பேசுகிற காலமா அது? கண் கெட்டவன் கண் கெட்டவன் போலத் தெரியாவிட்டால் அவன் கண் கெட்டவன் இல்லை என்று எழுதிவிடுவார்கள். இதைச் சொன்னால் அவருக்கு ரோஷம் வரும். எங்கள் குடித்தனத்தில் நான் சொல்லி அவர் கேட்டதாக ஒரு பேச்சு கிடையாது. மழையில் போகாதீர்கள் என்பேன், போவார். காய்ச்சலில் குளிக்காதீர்கள் என்பேன், தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து நிற்பார். மீசையை அன்றைக்கும் தடவித் தடவிக் கத்தரித்து வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டேன்.

பெரிய தொல்லை அதுவல்ல. யார் பேசினாலும் டக்கென்று அந்தப் பக்கம் முகம் திரும்பிவிடும். போன தடவை டிரசர் நின்றதால் தப்பித்தோம். ஆகவே பின்னால் நின்று கூப்பிட்டுப் பழக்கினேன். புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை, எல்லாப் பெண்களையும் போல "ஏங்க" என்பேன். திரும்புவார். "பாத்தீங்களா, திரும்பிட்டீங்க" என்பேன். மறுபடி இடது பக்கம் போய் "ஏங்க" என்பேன். திரும்புவார்.

"பொண்டாட்டி கூப்பிட்டா திரும்பாம எப்படிடி இருக்கறது?"

"இருக்கணும். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. தட்டைப் போட்டாலும் திரும்பக் கூடாது. நானே கத்தினாலும் திரும்பக் கூடாது. முகம் நேரா இருக்கணும். அந்தக் களத்த விட்டு வர்ற வரைக்கும் இது மட்டும் எனக்குச் செய்ங்க."

என் குரல் உடைந்ததோ என்னவோ, அவர் நிமிர்ந்து நேராக உட்கார்ந்தார். பிறகு, "சரி, கூப்பிடு" என்றார். தினமும் மரவள்ளிக் கொல்லையிலிருந்து வந்ததும் இதுதான் எங்கள் பேச்சு. நான் அறையைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிடுவேன், அவர் திரும்பாமல் உட்கார்ந்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். கடைசியில் நன்றாகப் பழகிவிட்டார். கழுத்து நரம்பு மட்டும் லேசாக அசையும், முகம் அசையாது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். கூப்பிட்டும் திரும்பாத முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சந்தோஷம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லி வைத்தேன். "முடிஞ்சதும் அங்கேயே நில்லுங்க. நான் வந்து கையப் பிடிக்கிற வரைக்கும் ஓரடி எடுத்து வைக்காதீங்க."

"சரி சரி" என்றார்.

அதிகாரி வந்த அன்றைக்கு அவரைப் பாதை வழியாகச் சுற்றிக் கூட்டிப் போனேன். நிரை வழியாகப் போனால் கம்பை வாங்காமல் விறுவிறுவென்று நடப்பார், யாராவது பார்த்துத் தொலைத்தால் என்ன செய்வது? களத்தில் பெண்களை லொங்காங்குக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். பெரிய வடிகால் அது, தாண்ட விடவில்லை. கணக்கு எழுதுகிற கிராணி மட்டும் ஜப்பான்காரர்களோடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கொஞ்சம் ஜப்பான் பேச்சுக் கற்றுக்கொண்டிருந்ததால் அவர்தான் துபாஷி.

அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். காலை மடக்கச் சொன்னான், நாக்கை நீட்டச் சொன்னான். தள்ளாத கிழவர் ஒருவரைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான். இவர் முன்னால் வந்ததும் நின்றான். அந்தக் கண்களைப் பார்த்துச் சிரித்தான். தீக்குச்சியைக் கிழித்து மூக்குக்கு நேரே பிடித்தான். கன்னத்தில் அறைவது போலக் கையை ஓங்கினான். இவர் இமைக்கவில்லை. பின்னால் போய்க் காதருகே கத்தினான். உடம்பு தூக்கிப் போட்டது, முகம் திரும்பவில்லை. இடது பக்கம் ஒருவன் கூப்பிட்டான், வலது பக்கம் ஒருவன் வாளியைப் போட்டான். முகம் நேராகவே இருந்தது. என் பக்கத்தில் நின்ற பெண்கள்கூட மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமைதான். பரீட்சையில் தேறியவனைப் பெற்றவள் போல நின்றேன்.

கிராணி இவர் தோளைத் தொட்டு, "சரி, உன்ரை அலுவல் முடிஞ்சுது. தள்ளி நில்" என்றார்.

அடுத்தவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் போய் அவரைப் பிடிக்கலாம் என்றால் லொங்காங்கைத் தாண்ட இன்னும் விடவில்லை. எல்லாரையும் பார்த்து முடியட்டும் என்றான் காவலுக்கு நின்றவன். மண்டோர், முடிந்தவர்களை எல்லாம் ஓரமாக, ஓரமாக என்று கையால் ஒதுக்கிக்கொண்டே வந்தார். இவரும் பின்னாலேயே ஒதுங்கினார். ஒதுங்கி ஒதுங்கிப் போய் அவர் கால் பட்டது அந்த நிரையின் முதல் மரத்து வேரில்.

கால் அறிந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். நின்றார். பாதத்தால் வேரை ஒருமுறை தடவினார். அதுவரைக்கும் சுருங்கியிருந்த தோள் இறங்கியது. நிற்கச் சொன்னேனே, நில்லுங்கள் என்று மனசுக்குள்ளேயே கத்தினேன். வாய்விட்டுக் கத்தினால் அதிகாரி என் பக்கம் பார்ப்பான், நான் பார்க்கிற பக்கமும் பார்ப்பான். பயம் முடிந்துவிட்டது, வீடு இந்த வழியாகத்தான் என்று கால் சொல்லியிருக்கும். நடக்க ஆரம்பித்தார். முதல் மரம். இரண்டாவது மரம். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அடுத்த மரத்தில் முந்தின ராத்திரி மழையில் மங்கு நிறையத் தண்ணீர் நின்றது. கை போய் எடுத்தது. ஒரு சொட்டுக்கூட மேலே சிந்தாமல் கொட்டினார், விரலால் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்தார், கம்பியில் மறுபடி நிமிர்த்தி மாட்டினார்.

கண் இருப்பவன்கூட அத்தனை சுத்தமாகச் செய்ய மாட்டான். அதிகாரி விசில் அடித்தான்.

பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார்கள். கிராணி சொல்லிப் பார்த்தார். பழகின நிரை, பழகின கை என்று மரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அதிகாரி மங்கைக் காட்டினான், இவர் கண்ணைக் காட்டினான், கிராணி கன்னத்தில் ஓர் அறை விட்டான். கிராணி மூக்குக்கண்ணாடியைத் தரையில் தேடி எடுத்துக்கொண்டு வடிகால் பக்கம் வந்தார். "நான் சொல்லிப் பார்த்தனான், பிள்ளை. அவன் கேக்கிறானில்லை" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் குற்றம் சொல்வது என் வீட்டுக்காரரை. ஒரே ஒரு மங்கு. அதைத் தொடாமல் போயிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? திமிர் பிடித்த மனுஷன். இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அவர் திரும்பி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை காக்க வைத்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களிடம் எல்லாம் கேட்டேன். கண் தெரியாத ஒருவர் என்று கேட்டேன், பெரிய கண்ணாக இருக்கும் என்றும் கேட்டேன். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

லாரியில் ஏற்றியபிறகுதான் எங்களைத் தாண்டவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் ஓடினோம். எல்லாரும் "ஏங்க, ஏங்க" என்றுதான் கத்தினோம். லாரி நிறைய முகங்கள் எங்கள் பக்கம் திரும்பின. இவர் முகம் மட்டும் திரும்பவில்லை. பின் பலகையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். லாரி உறுமியது. இத்தனை "ஏங்க"வில் என் குரல் தெரியவில்லை போல என்று நினைத்து, வெட்கத்தை விட்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அதுவரை என் வாயில் வராத பெயர். ஒருமுறை இல்லை, லாரி வளைவு திரும்பும் வரைக்கும் கத்தினேன். கழுத்து நரம்பு அசைந்தது. முகம் அசையவில்லை.

அன்று சாயங்காலம் நான் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொள்ளிக்கட்டையோடு வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் வாசல்படியை மிதித்தாள். அடுப்பை மூட்டி, அவித்த மரவள்ளியை என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் நானும் அவர்களில் ஒருத்தி. குழாயடியில் எனக்கும் இடம் இருக்கும். அதை நினைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

"பேரச் சொல்லிக் கத்துனியே புள்ள, லயத்துக்கே கேட்டுச்சு" என்றாள் மெதுவாக. "அவருக்குக் கேக்கலியா?"

"கேட்டிருக்கும்க்கா. அங்க அதிகாரி இன்னும் பாத்துக்கிட்டு நின்னான்ல. நான் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

எங்கள் குடித்தனத்தில் நான் சொல்லி அவர் கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.